தரையைத் தொட்டவர்கள்

மேடை இல்லாமல், திரை இல்லாமல், ராஜா ராணி இல்லாமல், பார்க்க வந்தவனையே எழுப்பி நடிக்க வைக்கிற நாடகம் இப்போது கொழும்பில் நடக்கிறதாம். என் மருமகன் பத்திரிகையை நீட்டி, "பாருங்க மாமா, புது மாதிரி" என்றான். புது மாதிரியா! அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அறையில், அதை நான் செய்து காட்டியபோது, இதை எழுதிய பத்திரிகைக்காரர் பிறந்தே இருக்கமாட்டார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறித் தேயிலைச் செடியை வெட்டியவன். இன்றைக்குத் தலவாக்கலை டவுனில் வழி கேட்டால் என் கடையை அடையாளமாகச் சொல்கிறார்கள். எல்லாம் சொந்தப் புத்தியால் செய்தேன். நாடகத்தையும் அப்படித்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமும் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் கை அங்கங்கே நிற்கிறது.

அது பிரஜாவுரிமை விசாரணை நடந்த காலம். சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டமும் வந்து, தோட்டத்துச் சனம் இந்த நாட்டு ஆள் இல்லை என்றாகிவிட்டது. இருக்கவேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே கிடந்தோம், இனியும் இங்கேதான் கிடப்போம் என்று காட்ட வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காய்க் காத்துக் கிடந்தால், ஒருநாள் நுவரெலியாக் கந்தோருக்கு, அதாவது அரசாங்க ஆபீசுக்கு, கூப்பிடுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சிங்களம் பேசுகிற அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரு வார்த்தை தப்பினால் தள்ளுபடி.

எங்கள் தோட்டத்தில் முதலில் கூப்பிடப்பட்டவர்களில் நானும் ஒருவன். "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். மற்ற கேள்விகளுக்கும் பயமில்லாமல் பதில் சொன்னேன். "சரி, போகலாம். கடிதம் வரும்" என்றார்கள்.

எனக்குப் பின்னால் போனவர்கள் எல்லாரும் அந்த முதல் கேள்வியிலேயே விழுந்தார்கள். "முசிறிப் பக்கம்ங்க", "துறையூர்ங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்கள். பாட்டன் விட்டு வந்த ஊர். இவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பெண் கேட்டுப் போனாலும், சண்டையில் வம்பு பேசினாலும், நம்மவர்கள் அந்த ஊரைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லாவிட்டால் நாதியற்றவன் என்று அர்த்தம். அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? இவன் மனசு கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் இருக்கிறது என்று எழுதி முடித்துவிட்டார். எனக்கு மட்டும் எப்படிச் சரியான பதில் வந்தது என்று கேட்பீர்கள். என் புத்தி என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், ஆயியும் அப்பனும் காய்ச்சலில் போனபோது நான் பால்குடி. ஒரு கங்காணி வீட்டு மாட்டுப்பட்டியில் வளர்ந்தேன். எங்கள் ஊர் எது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆனாலும் ஜெயித்தவன் ஜெயித்தவன்தானே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆட்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், எப்படி நின்றாய்? லயம் என்கிற வரிசை வீட்டில் ஆளுக்கு ஒரு காம்பராதான், இடம் போதவில்லை. பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும், பிள்ளை பார்க்கிற ஆயாவுக்கும் அன்றைக்கு லீவு. அங்கே போனோம். உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அவற்றை ஒதுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் ஒரு பெட்டியை மேசையாகப் போட்டேன்.

வந்தவர்களில் ஒருவர், காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவர். மாசி மாசத்தில் அவர் ரதியாக வந்து மன்மதனுக்காக அழுதால் துரை பங்களா வேலைக்காரர்கள்கூட வந்து நின்று அழுவார்கள். மற்ற நாளில் என்னோடு கவ்வாத்து வெட்டுகிறவர். முறைக்கு எனக்கு மச்சான் ஆகவேண்டும்.

"வாயால எத்தன வாட்டிதான்டா சொல்லுவ? நடந்து காட்டுடா. பாத்தாத்தான் சனத்துக்கு ஏறும்" என்றார் அவர்.

சரி என்று, அவரையே அதிகாரியாக உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். ஆனால் இருபது வருஷம் ரதி கட்டிய உடம்பு. கழுத்து ஒருபக்கம் சாய்கிறது, பேனா பிடித்த கை பூப்பறிக்கிற மாதிரி வளைகிறது. தொட்டில் பக்கம் நின்ற ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்:

"மாமா, நீங்க விசாரிக்க வந்தீங்களா, இல்ல மாப்புள பாக்க வந்தீங்களா?"

காம்பரா இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. ரதி வேஷக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வாய் கிழியுதே, நீ வந்து ஒக்காரு பாப்போம்."

அவள் வந்து உட்கார்ந்தாள். கொழுந்து எடுக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காற்றில் சாய்ந்த சவுக்கு மரத்தடியில் புருஷனைப் பறிகொடுத்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு மகள். காது மந்தமான மாமனாரை விசாரணைக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மாமனார் "முசிறி" என்றதையும் பார்த்திருக்கிறாள். விதவை என்ற முறையில் அவள் பெயரில் தனியாக ஒரு மனு இருந்தது. அதுதான் அவளுக்கும் மகளுக்கும் மிச்சம் இருந்த ஒரே பிடி. அதுவும் போனால் மாமனாரோடு சேர்ந்து மூன்று பேருக்கும் இந்த மண்ணில் காலூன்ற இடமில்லை. அக்கரையில் அவளுக்கு என்று ஒரு குஞ்சு குருவிகூடக் கிடையாது.

உட்கார்ந்தவள் இல்லாத கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியால் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே என்னைப் பார்த்து, "பேர்?" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன். அங்கே ஜெயித்து வந்தவன் நான். பிள்ளைக் காம்பராவில் என் பெயர் எனக்கு வரவில்லை.

அப்படித்தான் எங்கள் சபை உண்டானது. ஏழு பேர். எல்லாரும் ஒரே மாதிரிக் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொள்வோம். அதிகாரி வேஷம் மட்டும் அவளுக்கு, செத்துப்போன புருஷனின் கோட்டைப் போட்டுக்கொள்வாள். மற்ற ஆறு பேருக்கும் சொந்த வேஷம் இல்லை. இவன் கதாநாயகன், அவன் கோமாளி என்று கிடையாது. பார்க்க வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவள் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவர் வந்து நிற்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நாங்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் காலால் தரையை உதைப்போம். காம்பரா அதிரும். பிறகு எங்களில் ஒருவன் அதே இடத்தில் நின்று சரியான பதிலைச் சொல்வான். கூட்டம் முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் செய்யவில்லை.

பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒரு ஞாயிறு வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குடையைக் கையை விட்டுப் பிரிக்காத மனுஷன். முடியும்வரை நின்றே பார்த்தார்.

"இது கூத்துமில்லை, நாடகமுமில்லை. என்ன கோதாரி எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். "ஆனா விடாதேங்கோ. நான் கேள்வி எல்லாத்தையும் கொப்பியில எழுதித் தாறன்."

அப்போது எனக்கு எழுத்து வேகமாக ஓடாது என்பதால் எழுதுகிற வேலையை அவரிடம் விட்டேன். சொல்கிற வேலை என்னுடையது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். "இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கப் போகிறாயா?" அதற்கு வெறுமனே "ஆமாங்க" என்றால் எடுபடாது என்று எனக்குத் தோன்றியது. யோசித்து யோசித்து ஒரு வாக்கியம் கட்டினேன்: "பொறந்ததும் இங்கதாங்க, பொதைக்கப் போறதும் இங்கதாங்க." ரதி வேஷக்காரர் முதல் தடவை அதைச் சொன்னபோது, குனிந்து வலது கையால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறகு சொன்னார். கூத்துக் களரிக்குள் கால் வைக்குமுன் செய்கிற வழக்கம், அவரை அறியாமல் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த கிழவிகள் அழுதுவிட்டார்கள். "அத விட்றாதீங்க மச்சான், எல்லாரும் அப்படியே செய்வோம்" என்றேன். அதிலிருந்து தரையைத் தொடாமல் யாரும் அந்தப் பதிலைச் சொன்னதில்லை.

ஞாயிறுதோறும் ஒரு தோட்டம். பஸ் போகாத இடங்களுக்கு மழையில் அட்டை கடிக்க நடந்தே போனோம். தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைக்கும், சில இடத்தில் திட்டும் கிடைக்கும். தாலி அறுத்தவள் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்காருகிறாளே என்று ஒரு தோட்டத்தில் கங்காணிமார் எங்களை உள்ளே விடவில்லை. அவள் ரோட்டிலேயே பெட்டியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். கங்காணியின் பெண்சாதியே முதல் ஆளாய் வந்து நின்று பதில் சொன்னாள்.

விசாரணைக்குப் போனவர்கள் சிரித்த முகத்தோடு திரும்பத் தொடங்கினார்கள். "தரையத் தொட்டேன்ங்க, அதிகாரி அப்படியே பாத்துக்கிட்டே இருந்தாரு" என்று ஒருவர் சொன்னார். "கடைசியில எனக்கு ஒக்கார நாற்காலி போட்டாங்க" என்றார் இன்னொருவர். எனக்குத் தலை கால் புரியவில்லை. எந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டேன்.

பிறகு அவளுக்கு நாள் வந்தது.

நான், ரதி வேஷக்காரர், அவள், மூன்று பேரும் முதல் பஸ்ஸில் தலவாக்கலைக்கு வந்து அங்கிருந்து நுவரெலியாவுக்குப் போனோம். அவளுக்குப் பயமில்லை. பனிக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணே, நானே கேள்வி கேட்டுக் கேட்டு, எனக்குப் பதில் மறந்துபோச்சுன்னா என்ன செய்றது?" என்று சிரித்தாள்.

"உண்மையச் சொல்லு தங்கச்சி, போதும்" என்றேன்.

கந்தோர் வாங்கில் அவளை உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். அங்கே அந்த மொழிபெயர்ப்பாளர் நின்றுகொண்டிருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய, தன்மையான மனுஷர். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னோம்.

"உங்கட பக்கத்துச் சனத்தை எங்கட பெரியவருக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு" என்றார். "கடைசிக் கேள்விக்கு நிலத்தைத் தொட்டுக் கண்ணில ஒத்திப்போட்டுத்தான் பதில் சொல்லுதுகள். இது அதுகளின்ர கோயில் வழக்கமோ எண்டு என்னட்டக் கேட்டவர். ஓம் எண்டுதான் நானும் சொன்னனான். அப்பிடித்தானே?"

ரதி வேஷக்காரர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நேரம் எனக்கு வேறொன்று பெரிதாய்ப் பட்டது. ஒரு பெரிய அதிகாரி, கண்ணாடி போட்ட மனுஷன், என்னுடைய வேலையைப் பார்த்து மெச்சியிருக்கிறான். அது யார் வேலை என்று தெரியாமல் கோயில் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"வழக்கமா? அது நான் போட்டதுங்க, சார்" என்றேன். "எங்க நாடகத்துல. கேள்வி பதில் எல்லாம் அதுல பழக்கி விட்டிருக்கோம். இன்னைக்கு வந்திருக்காங்களே ஒரு பொண்ணு, அவங்கதான் அதிகாரி வேசம். ஒங்க பெரியவர் மாதிரியே செய்வாங்க. கண்ணாடி தொடைக்கிறதுகூட அப்படியே இருக்கும்."

நான் போட்டது என்றேன். தரையைத் தொட்டது ரதி வேஷக்காரர். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் பாதித் தேத்தண்ணியோடு குவளையைக் கீழே வைத்தார். ரோட்டைக் கடந்து கந்தோருக்குள் போய்விட்டார்.

"ஒன் வாய்க்கு ஒரு கவ்வாத்துப் போடணும்டா" என்றார் ரதி வேஷக்காரர்.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன், உள்ளே நடப்பது நன்றாகத் தெரிந்தது. பெயர், வயது, புருஷன் செத்த விவரம், செக்ரோல் என்கிற தோட்டத்துப் பேர்ப்பதிவில் பெயர் இருக்கிற வருஷங்கள். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி வந்தது. அவள் குனியப் போனாள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்:

"நீ இவரைப்போல நடிப்பியாம். இப்ப செய்து காட்டட்டாம்."

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது.

மாட்டேன் என்றால் மறைக்கிறாள் என்று ஆகும். செய்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கோட்டு இல்லாமல், நாற்காலி இல்லாமல், நின்றபடியே இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பேர்?" என்றாள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு அதிகாரி, அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. கிளாக்கர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பியோன் சிரித்தான். கடைசியில் அதிகாரியும் சிரித்துவிட்டார். கழற்றின கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். பல மேடை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு நடிப்பை நான் பார்க்கவில்லை.

சிரிப்பு அடங்கினதும் அதிகாரி மெதுவாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"இவ்வளவு நேரமும் நீ சொன்னதில எது நடிப்பு, எது உண்மை எண்டு தான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கேக்கிறார்."

"என் புருசன் செத்தது நெசங்க. நான் இங்க பொறந்தது நெசங்க. அதுக்கெல்லாம் நாங்க ஒத்திகை பாக்கலீங்க."

"கவுத இகென்னுவே?" என்றார் அதிகாரி. யார் படிப்பித்தது? மொழிபெயர்க்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"ஒருத்தர்னு இல்லீங்க. எல்லாருஞ் சேந்து செஞ்சது."

கதவுக்கும் மேசைக்கும் பத்து அடி இருக்கும். பியோன் தள்ளித்தான் நின்றான். உள்ளே போய், "நான்தான் சார்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்காமலே சொன்ன வாய் இது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ரதி வேஷக்காரர் பின்னால் போய்விட்டார்.

"சிரிச்சாருண்ணே" என்றாள். "சிரிச்சா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஜெயிச்சுட்ட தங்கச்சி" என்றேன். தோட்டத்துக்கு வந்ததும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று, எங்கள் ஆள் அதிகாரியையே சிரிக்க வைத்துவிட்டாள் என்று எல்லாருக்கும் சொன்னேன்.

என் கடிதம் முதலில் வந்தது. பிரஜாவுரிமை கொடுத்திருந்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டினேன். பத்து நாள் கழித்து அவளுடையது வந்தது. மாஸ்டர் வாசித்தார். மனுதாரி மற்ற மனுதாரர்களுக்குப் பொய்ச் சாட்சியம் பழக்கியவர், அதனால் அவருடைய வாக்குமூலத்தை நம்புவதற்கில்லை, தள்ளுபடி. அதோடு நிற்கவில்லை. "சரி, போகலாம்" என்று அனுப்பப்பட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் ஒவ்வொன்றாகக் கடிதம் வந்தது. தரையைத் தொட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பதில்.

லயம் முழுக்க ஒப்பாரி. பிறகு கோபம். யார் மேல் கோபப்படுவது? கோட்டுப் போட்டது யார்? கந்தோரில் ஆடிக் காட்டியது யார்? அதை ஊருக்குச் சொன்னவன் நானே. பீலியில் தண்ணீர் பிடிக்க அவள் வந்தால், "அதிகாரியம்மா வந்துட்டாங்க, எந்திரிச்சு வழி விடுங்கடி" என்று குடத்தை இடித்து வைப்பார்கள். "கூத்தாடப் போய்க் குடியக் கெடுத்துட்டா" என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். பள்ளிக்கூடத்தில் மகளோடு யாரும் சேரவில்லை. கடையில் யார் யாரிடம் என்ன சொன்னது என்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டவர்களிடமும் பேசவில்லை.

ரதி வேஷக்காரர் ஒருநாள் மலையில் வைத்து என்னைப் பிடித்தார்.

"நான் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லமாட்டேன். ஒன் வாயால கெட்டது. ஒன் வாயாலயே வரட்டும்."

அடுத்த மாசி வந்தபோது அவர் ரதி கட்டவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார். சபை அதற்கு முன்பே கலைந்துவிட்டது.

மாஸ்டர்தான் விடவில்லை. மேல்முறையீடு செய்ய நாள் இருக்கிறது என்றார். யாரோ ஒரு பிரக்கிராசியை, வக்கீலை, கண்டு பேசிவிட்டு ஒரு சத்தியக் கடதாசி எழுதிக்கொண்டு வந்தார். நாடகத்தை உண்டாக்கியவன் நான், வார்த்தைகள் என்னுடையவை, அந்தப் பெண் சொன்னதைச் செய்த நடிகை மட்டுமே, நாங்கள் பழக்கியது பொய் இல்லை, பயப்படாமல் உண்மையைச் சொல்லும் முறைதான் என்று அதில் இருந்தது. தலவாக்கலையில் சமாதான நீதவான் முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"இதில உமக்குக் கஷ்டமில்லைத்தானே?" என்றார். "ஊர் முழுக்க நீர் சொல்லித் திரிஞ்ச கதைதான். எழுத்தில சொல்லுறீர், அவ்வளவுதான்."

"என் சிட்டிசன் என்னாகும் மாஸ்டர்?"

அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"தெரியாது. ஒண்டும் வராது எண்டு உமக்குப் பொய் சொல்ல மாட்டன். பிடுங்கினாலும் பிடுங்குவினம். ஆனா அந்தப் பிள்ளைக்கு வேற வழியில்லை."

"போடுறேன் மாஸ்டர்" என்றேன். போடத்தான் நினைத்தேன். இதை நம்பினால் நம்புங்கள்.

ஆனால் அந்த வாரம்தான் தலவாக்கலை பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை எனக்குக் கிடைப்பதாய் இருந்தது. கடை நடத்தும் லைசென்சுக்குச் சிட்டிசன் பத்திரத்தைக் காட்ட வேண்டும். இருபத்தைந்து வருஷம் கத்தி பிடித்துக் காய்த்த கையை அன்றைக்குத்தான் முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். இந்தக் கை ஒரு தராசைப் பிடிக்கப் போகிறது. அதை ஒரு கடதாசியில் வைத்து அழித்துக்கொள்வதா? நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். மாஸ்டர் மூன்று தடவை ஆள் அனுப்பினார். கடைசி நாள் வந்தது. காலை பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு இறங்கினேன். பஸ் வந்தது. கண்டக்டர் "தலவாக்கலை, தலவாக்கலை" என்று கூவினார். நான் புளிமூட்டை அடுக்கின ஒரு கடைக்குள் போய் நின்றேன். பஸ் போனது. அடுத்ததும் வந்து போனது. மழை பிடித்தது. ஆற்றுப் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். தாகமும் இல்லை, பசியும் இல்லை. பின்னேரம் மாஸ்டர் பஸ்ஸில் திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு போனார். அடுத்த தவணையில் யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டார்கள். அவள் மகளையும் சேர்த்து இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாள். மாமனார் அதற்குள் செத்துவிட்டார். போனவர்கள் எங்கே போனார்கள் என்று பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் புறப்பட்ட அன்று நான் கடையைத் திறக்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. பெட்டிக்கடை இப்போது இரண்டு மாடி.

ஆனால் எனக்கு அவள் புறப்பட்ட நாள் நினைவுக்கு வருவதில்லை. வருவது நான் கையெழுத்துப் போடாத அந்த நாள். பாலத்தடியிலிருந்து எழுந்து, ஈர வெள்ளைச் சட்டையோடு நான் லயத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் வெறுங்கூடையோடு எதிரே இறங்கினாள். நின்றாள். நானும் நின்றேன். எத்தனையோ பேருக்குப் பதில் கட்டிக் கொடுத்தவன் நான்.

"பஸ் கெடைக்கலியாண்ணே?" என்றாள்.

"ஆமா தங்கச்சி" என்றேன். "கெடைக்கல."

"மழ நாளுல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, தலையில் மாட்டின கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டு போனாள்.

அன்றைக்கு அவளை வேலைக்கு விட்டிருந்த மலை ரோட்டுக்கு நேர் மேலே இருந்தது. அங்கே நின்று கொழுந்து எடுத்தால் அக்கரப்பத்தனைக் கடைத்தெரு முழுக்கத் தெரியும். பஸ் வருவதும் தெரியும், யார் ஏறுகிறார்கள் என்பதும் தெரியும்.